காத்திருக்கும் ப்ராசஸர்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் புது டெஸ்க்டாப்புக்கு விலை கேட்டால், கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனின் முதல் வரியில் பெரும்பாலும் ப்ராசஸர்தான் இருக்கும். அதற்குப் பொருந்தும் மதர்போர்டு அடுத்த வரியில். ரேம் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும். மொத்தத் தொகை கையிருப்பைத் தாண்டிவிட்டால் முதல் வெட்டு விழுவதும் அங்கேதான். 32 ஜிபி 16 ஆகும், இரண்டு ஸ்டிக் ஒன்றாகும், ப்ராசஸரின் பெயர் மட்டும் அசையாமல் நிற்கும். "ரேமை அப்புறம் போட்டுக்கலாம்" என்ற சமாதானமும் கூடவே வரும். வாங்குபவருக்கும் அது நியாயமாகவே படுகிறது. கணினியின் மூளை ப்ராசஸர் என்று பள்ளிப் பாடத்திலிருந்தே படித்துவந்திருக்கிறோம். மூளையில் போய்ச் சிக்கனம் பார்ப்பார்களா? ஆனால் இன்றைய கணினி தன் நேரத்தை எங்கே செலவிடுகிறது என்று அளந்து பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகத் தெரிகிறது. வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் பயன்படும் பெரும்பாலான டெஸ்க்டாப்களுக்கு முதலில் தீர்மானிக்க வேண்டியது ரேமின் அளவும் அது எத்தனை ஸ்டிக்காக வருகிறது என்பதும். மீதியுள்ள பணத்துக்கு எந்த ப்ராசஸர் கிடைக்கிறதோ அதுவே பெரும்பாலும் போதும்.

காரணம் வேகங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ப்ராசஸரின் ஒரு துடிப்பு 0.2 நானோ விநாடி. தேவைப்படும் எண் ப்ராசஸருக்கு உள்ளேயே, மிக அருகிலுள்ள கேஷ் நினைவகத்தில் இருந்தால் நான்கைந்து துடிப்புகளில் கைக்கு வந்துவிடும். அங்கே இல்லாமல் ரேம் வரை போய்வர நேர்ந்தால் 70, 80 நானோ விநாடி ஆகும். அதாவது 350 முதல் 400 துடிப்புகள். ரேமிலும் இல்லாமல் எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் 80 மைக்ரோ விநாடி அளவுக்குப் போகும்; 4 லட்சம் துடிப்புகள். ஒரு துடிப்பை ஒரு விநாடியாக நீட்டிப் பார்த்தால் ரேமுக்கான காத்திருப்பு ஆறரை நிமிடம், எஸ்எஸ்டிக்கான காத்திருப்பு நாலரை நாளுக்கும் மேல். ப்ராசஸர் அந்த நேரத்தில் வேறு கட்டளைகளைச் செய்து சமாளிக்கப் பார்க்கும். அடுத்து எது தேவைப்படும் என்று ஊகித்து முன்கூட்டியே எடுத்து வைக்கவும் பார்க்கும். ஊகம் பிழைத்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அப்படி நிற்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரும் 4 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரும் ஏறத்தாழ ஒரே அளவு நேரத்தைத்தான் இழக்கின்றன, ஏனென்றால் தாமதம் அவற்றுக்கு வெளியே இருக்கிறது.

ரேமும்தான் தலைமுறைக்குத் தலைமுறை வேகமாகிறதே என்று கேட்கலாம். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 70, 80 நானோ விநாடியில் ஒரு பகுதியான, கேட்ட தரவை ரேம் சில்லு தரத் தொடங்கும் தாமதம் டிடிஆர்-400 காலத்து நல்ல ரேமில் 2 துடிப்பு. அதன் துடிப்பு 5 நானோ விநாடி. ஆக 10 நானோ விநாடி. டிடிஆர்3-1600 வகையில் 8 துடிப்பு, ஒவ்வொன்றும் 1.25 நானோ விநாடி, மறுபடியும் 10. டிடிஆர்4-3200 வகையில் 16 துடிப்பு, டிடிஆர்5-6000 வகையில் 30 துடிப்பு. கணக்குப் போட்டால் இரண்டுக்கும் அதே 10. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஒரு எண் இறங்கவே இல்லை. 1968-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு காப்புரிமை பெற்ற வடிவமே இன்றும் ரேமுக்கு அடிப்படை: ஒரு டிரான்சிஸ்டர், அதனுடன் ஒரு நுண்ணிய மின்தேக்கி. அந்த மின்தேக்கியில் இருக்கும் துளியளவு மின்னூட்டத்தை நீண்ட கம்பியில் இறக்கி, இருக்கிறதா இல்லையா என்று உணர்ந்து, பெருக்கி, மீண்டும் எழுதி வைக்க வேண்டும். இதற்கான நேரத்தைப் பெரிதாகச் சுருக்க முடியவில்லை. அதனால் தயாரிப்பாளர்கள் தங்கள் முன்னேற்றத்தை வேறு வழியில் செலவிட்டார்கள். ஒரே சில்லில் அதிக இடம், ஒரே தடவையில் அதிகத் தரவு. ஒரு சேனல் விநாடிக்குத் தரும் அளவு டிடிஆர்-400 காலத்தில் 3.2 ஜிபி, டிடிஆர்5-6000 காலத்தில் 48 ஜிபி. அளவு பதினைந்து மடங்கு பெருகியது, முதல் எழுத்து வந்துசேரும் நேரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. 1995-இல் வுல்ஃப், மெக்கீ என்ற இரு ஆய்வாளர்கள் இந்த முட்டுக்கட்டைக்கு நினைவகச் சுவர் என்று பெயர் வைத்தார்கள். சுவர் இன்னும் இடியவில்லை.

இதற்கான மிகத் தெளிவான சாட்சி பெங்களூரிலேயே பிறந்தது. 2008 செப்டம்பரில் இன்டெல் வெளியிட்ட ஸியான் 7400 வரிசை, டன்னிங்டன் என்ற உட்பெயர் கொண்ட சர்வர் ப்ராசஸர், அந்நிறுவனத்தின் பெங்களூரு மையத்தில் வடிவமைக்கப்பட்டது. ஒரே சில்லில் 6 கோர்கள், 190 கோடி டிரான்சிஸ்டர்கள். அவ்வளவு டிரான்சிஸ்டர்களும் எங்கே போயின என்று பாருங்கள். மூன்றாம் நிலை கேஷ் 16 எம்பி, இரண்டாம் நிலை கேஷ் எல்லாம் சேர்த்து 9 எம்பி. மொத்தம் 25 எம்பி. கேஷில் ஒரு பிட்டைச் சேமிக்க வழக்கமாக 6 டிரான்சிஸ்டர் தேவை. பெருக்கினால் ஏறக்குறைய 125 கோடி வருகிறது. ஆக, கணக்கிடும் வேலைக்கென்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு சில்லின் மூன்றில் இரண்டு பங்கு, ரேமுக்காகக் காத்திருப்பதைத் தவிர்க்கவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வடிவமைத்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த ப்ராசஸர் ரேமுடன் பேசிய பாதை விநாடிக்கு 8.5 ஜிபி மட்டுமே கடத்தக்கூடியது. 6 கோர்களும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கோர்களைக் கூட்டுவது எளிது, அவற்றுக்குத் தீனி போடுவதுதான் கடினம் என்பதை வடிவமைப்பாளர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். ரேமை ஆளும் பகுதியை ப்ராசஸருக்குள்ளேயே கொண்டுவரும் வேலையை ஏஎம்டி 2003-இல் செய்துவிட்டது. டெஸ்க்டாப்பில் இன்டெல் அந்த வழிக்கு வந்தது டன்னிங்டன் வெளியான அதே 2008-இன் நவம்பரில்.

டெஸ்க்டாப் உலகில் இதையே ஒரு சோதனை போலக் காட்டியது 2022 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதற்கு முந்தைய 5800எக்ஸ் போல இதிலும் 8 கோர்தான். உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5 ஆகக் குறைந்தது. கூடியது ஒன்றே ஒன்று: சில்லின்மேல் இன்னொரு அடுக்கு கேஷை ஒட்டி, 32 எம்பியாக இருந்ததை 96 எம்பி ஆக்கினார்கள். 12 கோரும் 4.8 கிகாஹெர்ட்ஸும் கொண்ட, விலையிலும் மேல்தட்டில் இருந்த தங்கள் 5900எக்ஸைக் காட்டிலும் விளையாட்டுகளில் இது சராசரியாக 15 சதவீதம் வேகம் என்று ஏஎம்டியே அறிவித்தது. கோர் குறைவு, வேகம் குறைவு, ஆனாலும் வெற்றி. காத்திருப்பைக் குறைத்ததற்குக் கிடைத்த பரிசு அது. நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் ரெண்டரிங் போன்ற வேலைகளில் இந்த ப்ராசஸர் 5800எக்ஸுக்குச் சற்றுப் பின்தங்கியது. அந்த வேலைகள் சிறிய தரவைக் கேஷிலேயே வைத்துத் திரும்பத் திரும்பக் கணக்கிடுபவை. அவற்றுக்குக் கோரும் வேகமும்தான் முக்கியம். நாளெல்லாம் ரெண்டரிங் செய்யும் அனிமேஷன்காரர் இந்தக் கட்டுரையின் வாதத்தைத் தனக்குப் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது ரேமின் தாமதம். ரேமின் அளவு போதாமல் போனால் நடப்பது இதைவிடப் பெரிய சேதம். இடம் போதாதபோது இயங்குதளம் ரேமில் இருப்பவற்றில் சிலவற்றை எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப அழைத்துவருகிறது. எஸ்எஸ்டிதான் வேகமானதாயிற்றே, இதனால் என்ன என்று தோன்றும். ஒரு சிறு கணக்கு போதும். ரேமைத் தொட 80 நானோ விநாடி, எஸ்எஸ்டியைத் தொட 80 மைக்ரோ விநாடி என்று கொள்வோம். ஆயிரம் முறையில் ஒரே ஒரு முறை மட்டும் எஸ்எஸ்டிக்குப் போக நேர்ந்தாலும் சராசரிக் காத்திருப்பு 80-இலிருந்து ஏறக்குறைய 160 நானோ விநாடி ஆகிவிடும். ஆயிரத்தில் 999 முறை சரியாக நடந்தும் நினைவகத்தின் வேகம் பாதியாகிறது. நூற்றில் ஒன்று என்றானால் பதினொரு மடங்கு மெதுவாகும். பற்றாக்குறை ஒரு எல்லையைத் தாண்டியதும் கணினி பண்டமாற்று வேலையிலேயே மூழ்கி, சொன்ன வேலையைச் செய்யாமல் நிற்பதை 1968-இலேயே பீட்டர் டென்னிங் ஆராய்ந்து எழுதினார். இன்று பிரவுசரில் நாற்பது டேப், ஒரு வீடியோ கூட்டம், ஒரு நிரல் எடிட்டர், பின்னணியில் டாக்கர் என்று 16 ஜிபியை நிரப்பிவிட்டு, "ப்ராசஸர் பழசாயிடுச்சு" என்று குறைபட்டுக்கொள்ளும் நிலையும் அதுவே. பழி ப்ராசஸர்மேல் விழுகிறது, பணமும் அங்கேயே போகிறது.

பெங்களூரில் இந்த வாதத்துக்கு முதல் எதிர்ப்பு மென்பொருள் பொறியாளரிடமிருந்துதான் வரும், அது வலுவான எதிர்ப்பும்கூட. கம்பைல் செய்வது கோர்களுக்கு உரிய வேலை. ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தனித்தனியாக ஒரே நேரத்தில் மொழிமாற்றலாம். ஆண்ட்ராய்டை முழுவதுமாகக் கட்டியெழுப்ப ஆகும் நேரம் பற்றிக் கூகுள் தரும் குறிப்பையே எடுத்துக்கொள்வோம்: 72 கோர் கொண்ட கணினியில் சுமார் 40 நிமிடம், 6 கோர் கணினியில் சுமார் 6 மணி நேரம். 12 மடங்கு கோருக்கு 9 மடங்கு வேகம். மறுக்க முடியாத லாபம். ஆனால் அந்தக் குறிப்பில் இரண்டு கணினிகளிலும் ரேம் 64 ஜிபி. 6 கோர் கணினிக்கே 64 ஜிபி! அதற்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதுதான் பரிந்துரை. ஒவ்வொரு கோரும் தனியாக ஒரு கம்பைல் வேலையை எடுத்துக்கொள்ளும்போது ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒன்றிரண்டு ஜிபி இடம் வேண்டும். 16 கோர் ப்ராசஸரை வாங்கி 16 ஜிபி ரேம் போட்டால் கோருக்கு 1 ஜிபி; எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் இயக்கிய உடனே முன்சொன்ன எஸ்எஸ்டிப் பண்டமாற்று தொடங்கிவிடும். கொடுத்த பணத்தில் பாதிக் கோர்கள் சும்மா இருக்கும், அல்லது அவற்றை நாமே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும்.

கோருக்கு எவ்வளவு ரேம் என்ற இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. கொட்டேஷனில் இதற்கு ஒரு வரி இல்லாதது குறைதான். இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் நிறுவப்பட்ட பரம் பிரவேகா மீக்கணினியில் இந்தக் கணக்கு வெளிப்படையாகத் தெரியும். 3.3 பெட்டாஃப்ளாப் திறன் கொண்ட அந்த மீக்கணினியின் சாதாரணக் கணிப்பு முனை ஒன்றில் 48 கோர், 192 ஜிபி ரேம். கோருக்கு 4 ஜிபி. அதே 48 கோருக்கு 768 ஜிபி கொடுத்துத் தனியாகவும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட முனைகள் வைத்திருக்கிறார்கள். அங்கே கோருக்கு 16 ஜிபி. நினைவகத்தில் முட்டி நிற்கும் ஆய்வுகளுக்கு ப்ராசஸரை மாற்றாமல் ரேமை நான்கு மடங்காக்கியதே அவர்கள் தந்த தீர்வு. கோருக்கு 4 ஜிபி என்பதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் 6 கோருக்கு 24, 8 கோருக்கு 32 என்று வருகிறது. இதைச் சட்டமாகக் கொள்ள வேண்டாம். 16 கோரும் 16 ஜிபியும் ஒரே கொட்டேஷனில் வந்தால் ஏதோ பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்க இந்த அளவுகோல் போதும். கோர்களின் லாபத்துக்கே ஒரு வரம்பு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன விதிப்படி, ஒரு வேலையில் 70 சதவீதத்தை மட்டுமே பிரித்துச் செய்ய முடியும் என்றால் 8 கோர் தரும் வேகம் 2.6 மடங்கு, 16 கோர் தருவது 2.9 மடங்கு. அந்தக் கடைசி எட்டுக் கோர்களுக்குக் கொடுக்கும் விலைக்கு எவ்வளவு ரேம் கிடைக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது எதிர்ப்பு, கடைக்காரர் சொல்லும் அந்தச் சமாதானம்: ரேமைப் பிறகு கூட்டலாம், ப்ராசஸரை மாற்றுவது கடினம். டிடிஆர்3, டிடிஆர்4 காலத்தில் இதில் பெரிதும் உண்மை இருந்தது. டிடிஆர்5-இல் நிலைமை மாறிவிட்டது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ எல்லையைப் பார்த்தால், இரண்டு ஸ்டிக் போட்டால் டிடிஆர்5-5200, நான்கு ஸ்டிக் போட்டால் டிடிஆர்5-3600. இன்று 8 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டுவிட்டு அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு போட்டால் அளவு இரட்டிக்கும், வேகம் இறங்கும். சில சமயம் கணினி நிலையாக ஓடவே மறுக்கும். காலியாக இருக்கும் இரண்டு ஸ்லாட்டையும் எதிர்காலச் சேமிப்பாக நினைப்பது இதனால்தான் சரிப்படாது. மாறாக, ப்ராசஸரை மாற்றுவது நினைப்பதைவிட எளிதாகியிருக்கிறது. 2016-இல் வந்த ஏஎம்4 சாக்கெட்டின் பழைய மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022-இன் 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டும் 7000, 8000, 9000 வரிசைகளை ஏற்கிறது. இன்டெல் பக்கம் சாக்கெட் அடிக்கடி மாறும் என்பது உண்மைதான். அங்கே இந்த வாதத்தின் வலு குறைவு. எந்தப் பக்கமானாலும் டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது. மதர்போர்டு வாங்கும் நாளில் ரேமின் வகையும் அந்தக் கணினியின் ஆயுள் முழுமைக்கும் முடிவாகிவிடுகிறது.

அளவு ஒன்றே என்றாலும் எத்தனை ஸ்டிக் என்பது முக்கியம். சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸருக்கு ரேமுடன் பேச இரண்டு சேனல் இருக்கின்றன. ஒற்றை 32 ஜிபி ஸ்டிக் போட்டால் ஒரு சேனல் வெறுமையாகக் கிடக்கும். விநாடிக்கு 96 ஜிபி வரவேண்டிய இடத்தில் 48 ஜிபிதான் வரும். டிடிஆர்5 ஸ்டிக்குக்குள்ளேயே இரண்டு சேனல் இருக்கிறது, ஒன்றே போதும் என்று சிலர் சொல்வதைக் கேட்கலாம். இருப்பது 32 பிட் அகலத்தில் இரண்டு துணைச் சேனல். கூட்டினால் பழைய 64 பிட்தான். ஒரே நேரத்தில் வரும் வேண்டுகோள்களை ஒழுங்காகக் கையாள அது உதவும், பாதையின் மொத்த அகலத்தைக் கூட்டாது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க முடியாமல் 5600ஜி, 8600ஜி போன்ற ப்ராசஸரின் உள் கிராபிக்ஸை நம்பும் மாணவருக்கு இந்த இழப்பு மிகவும் உறைக்கும். அவருடைய திரையில் தெரியும் ஒவ்வொரு படமும் அந்த ரேமிலிருந்தே வருகிறது. இன்னொன்று: பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும் ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்காதவரை 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடும். கணினியைப் பொருத்தித் தரும் கடையிலேயே அதை இயக்கிக் காட்டச் சொல்லி வாங்குவது நல்லது.

வீட்டுக் கணினியிலேயே மொழி மாதிரிகளை ஓட்டிப் பார்க்கும் ஆர்வம் இப்போது பெருகியிருக்கிறது. பெங்களூரில் இது அதிகமாகவே இருக்கும். அதற்குப் பெரிய ப்ராசஸர் வேண்டும் என்ற எண்ணம் வேறெந்த வேலையையும்விட இதில் அதிகமாகத் தவறுகிறது. 800 கோடி அளபுருக்கள் கொண்ட ஒரு மாதிரியை 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறக்குறைய 5 ஜிபி. ஒவ்வொரு சொற்கூற்றையும் (டோக்கன்) உருவாக்க அந்த 5 ஜிபியையும் ரேமிலிருந்து முழுவதுமாக ஒருமுறை படிக்க வேண்டும். இரண்டு சேனலில் விநாடிக்கு 96 ஜிபி என்றால் விநாடிக்கு 19 சொற்கூறுகளுக்கு மேல் எந்த ப்ராசஸராலும் தர முடியாது. ஒற்றை ஸ்டிக் என்றால் 10-ஐத் தொடாது. கோரை இரட்டிப்பாக்கினாலும் இந்த உச்சவரம்பு நகராது, வகுத்தல் கணக்கில் கோர் வருவதே இல்லை.

கடைசி எதிர்ப்பு விலை. இது இப்போது மற்றவற்றைவிடக் கனமானது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்வதால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்றுவந்த வணிகத்திலிருந்தே விலகுவதாக அந்த டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ரேமுக்கு முதலிடம் கொடு என்பது வாங்குபவரின் சிரமம் தெரியாத பேச்சு என்று கோபப்படலாம். ஆனால் தரவு மையங்கள் எதற்காக அடித்துக்கொள்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கணக்கிடும் சில்லுகளைப் பட்டினி போடாமல் இருக்க நினைவகம் வேண்டும் என்பதற்காகவே. நம் மேசைமீதுள்ள கணினிக்கும் அதே இயற்பியல்தான். கையில் பணம் குறைவாக இருக்கும்போது ப்ராசஸரில் ஒரு படி இறங்கி, 8 கோருக்குப் பதில் 6 கோர் எடுத்து, மிச்சத்தை 16 ஜிபி ஸ்டிக் இரண்டுக்குப் போடலாம். அதுவும் முடியாது என்றால் ஒரு விதிவிலக்கை ஏற்கலாம். டிடிஆர்5-இல் 8 ஜிபி ஸ்டிக்கில் பெரும்பாலும் நான்கே சில்லுகள் இருக்கும், அவற்றின் உள்ளமைப்பும் 16 ஜிபி ஸ்டிக்கினுடையதைவிடக் குறுகியது. அதனால் இரண்டு 8 ஜிபி வாங்குவதைவிட இப்போதைக்கு ஒரு 16 ஜிபி ஸ்டிக்கை வாங்கிப் போட்டுவிட்டு, சில மாதங்கள் பாதி அகலத்தில் ஓடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாங்கிய ஸ்டிக்கின் மேலுள்ள முழு மாடல் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், விலை இறங்கும்போது அதே எண்ணில் இரண்டாவதை வாங்கி இரண்டாவது சேனலுக்கான ஸ்லாட்டில், மதர்போர்டு கையேடு காட்டும் இடத்தில், பொருத்திவிடலாம்.